புலியின் வாயில் ஒரு மனிதர்

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குள் ஒரு புலி உண்டு. 92-ஆம் பிரிவுக்குக் கீழே வரும். ஒருவரைப் புலி கவ்வி இழுத்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்தவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் குண்டு புலிமேல் படலாம். இழுபட்டுப் போகிறவர் மேலும் படலாம். அது அவருக்குத் தெரியும். சுடாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சுடுகிறார். குண்டு மனிதர்மேல் பாய்ந்து அவர் இறந்துபோகிறார். சுட்டவர் செய்தது குற்றமா? இல்லை என்கிறது சட்டம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. புலிக்கதை அதிலும் 30-ஆம் பிரிவில் தொடர்கிறது.

இந்தப் புலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியை நோக்கி மெதுவாக நடப்போம். அடுத்தவருக்குத் தீங்கு செய்வது எப்போதாவது நியாயம் ஆகுமா? ஆகவே ஆகாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வள்ளுவர் இன்னா செய்யாமைக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு இன்னோர் அதிகாரம் என்று அடுத்தடுத்து வைத்தார். ஆனாலும் தடுப்பூசி போடும்போது பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் தாயை நாம் கடிந்துகொள்வதில்லை. பிள்ளை வீறிட்டு அழுகிறது, ஊசி வலிக்கிறது, தாய் அதற்குத் துணை போகிறாள். அப்படியானால் ‘ஆகவே ஆகாது’ என்பதில் எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதுதான் நம் கேள்வி.

இதற்குச் சட்டப் புத்தகத்தைத் துணைக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. தத்துவம் படிப்பவர் ஒரு கேள்வியை ஆண்டுக்கணக்கில் திறந்தே வைத்திருக்கலாம். சட்டம் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. நாளைக் காலையில் கூண்டில் ஒரு மனிதர் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1834-ல் மதராஸில் கப்பலிலிருந்து இறங்கி, தலைமை ஆளுநரைப் பார்க்க உதகைக்கு மலையேறிப் போனார் மெக்காலே. அவர் தலைமையில் இருந்த குழு 1837-ல் ஒரு தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. அது பலமுறை சலிக்கப்பட்டு 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. விதியைச் சொன்ன கையோடு ஒரு குட்டிக் கதையையும் சொல்வது அதன் தனிப் பழக்கம். கணக்கு வாத்தியார் சூத்திரத்தை எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவாரே, அது போல. நம் கல்வியைப் பற்றி மெக்காலே எழுதியதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இந்தக் கதைகளை மட்டும் நன்றியோடு படிக்கிறேன்.

புலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. தீப்பிடித்த வீடு; மேலே ஒருவர் ஒரு குழந்தையோடு சிக்கிக்கொண்டார். கீழே ஆட்கள் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். விழுந்தால் குழந்தை இறந்துபோகலாம் என்று தெரிந்தே அவர் அதைக் கீழே போடுகிறார். குழந்தை இறந்தாலும் அவர் குற்றவாளி அல்ல. புலி, தீ, தடுப்பூசி, மருத்துவரின் கத்தி எல்லாமே ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. தீங்கு யாருக்கு வருகிறதோ, நன்மையும் அவருக்காகத்தான். பேச முடிந்தவரென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். புலியின் வாயில் இருப்பவரிடம் சம்மதம் கேட்க நேரம் இல்லை. வாசலின் முதல் படி இது. இதில் ஏறுவதற்கு யாருக்கும் பெரிய தயக்கம் இருக்காது.

ஆனால் இந்தப் படியிலேயே ஒரு சொல் கிடக்கிறது; அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நல்லெண்ணம். சுட்டவர் நல்லெண்ணத்தோடு சுட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். போதாது. உரிய கவனமும் கருத்தும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாக ஏற்க முடியாது என்று 52-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. கொதிக்கும் ரசத்தை இறக்கும்போது, காலடியில் குழந்தை தவழ்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தப் பார்வைக்குத்தான் சட்டத்தில் நல்லெண்ணம் என்று பெயர். வீட்டுக்குப் பின்பக்கம் தீ எட்டாத படிக்கட்டு இருந்து, அதைத் தேடிக்கூடப் பார்க்காமல் குழந்தையைக் கீழே போட்டிருந்தால், உள்ளே எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்தப் பாசம் அவரைக் காப்பாற்றாது. ‘நல்லதுக்குத்தான் செஞ்சேன்’ என்று பிள்ளைகளிடமும் மனைவியரிடமும் நோயாளிகளிடமும் சொல்லப்பட்ட எத்தனையோ வாக்கியங்களை இந்த ஒரு பிரிவைக் கொண்டு உரசிப் பார்க்கலாம்.

அடுத்த படி தற்காப்பு. இதில் நன்மை ஒருவருக்கு, தீங்கு இன்னொருவருக்கு. அடிக்க வருகிறவரைத் திருப்பி அடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டம் அதற்கு இரண்டு வேலிகள் போட்டது. தப்பிக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. அபாயம் வரும் என்ற நியாயமான அச்சம் பிறக்கும்போது உரிமை பிறக்கிறது, அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடுகிறது. விழுந்து கிடப்பவரை மிதிக்கும் கால் தற்காப்புக்குள் வராது. இவற்றைவிட நாம் நின்று கவனிக்க வேண்டியது பழைய சட்டத்தின் 98-ஆம் பிரிவு. தாக்க வருகிறவர் மனநிலை பிறழ்ந்தவர், தான் செய்வது என்னவென்றே அறியாதவர் என்றாலும் உங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை அப்படியே இருக்கிறது என்றது அது. அவர் குற்றவாளி அல்ல. ஆனாலும் நீங்கள் தடுக்கலாம். ஆகவே தற்காப்பு என்பது கெட்டவருக்குக் கொடுக்கும் தண்டனை அல்ல. பாய்ந்து வரும் ஒன்றை நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. தண்டிப்பது வேறு ஆளின் வேலை, வேறு இடத்தில் நடக்க வேண்டியது.

இப்போது கடினமான படிக்கு வந்துவிட்டோம். தாக்கவும் இல்லை, நன்மையும் பெறப்போவதில்லை. எதிலும் சம்பந்தமே இல்லாத ஒருவர். அவருக்குத் தீங்கு வருகிற மாதிரி ஒன்றைச் செய்யலாமா? 81-ஆம் பிரிவில் (புதிய சட்டத்தில் 19) இதற்கும் கதை உண்டு. ஒரு கப்பல் கேப்டன். தன் தவறு எதுவும் இல்லாமலே ஓர் இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். எதிரே 20, 30 பேர் உள்ள படகு. கப்பலை நிறுத்த நேரம் இல்லை. திசையைத் திருப்பினால் இரண்டே பேர் இருக்கும் இன்னொரு படகில் மோதக்கூடும். ஒருவேளை மோதாமல் தாண்டியும் போகலாம். திருப்புகிறார். மோதிவிடுகிறது. குற்றம் இல்லை. அதே பிரிவில் இன்னொன்று: ஊரில் பெருந்தீ, அது பரவாமல் இருக்க இடையில் உள்ள வீடுகளை ஒருவர் இடித்துத் தள்ளுகிறார். அதுவும் குற்றம் இல்லை. வரிசையாகக் கூரை வீடுகள் இருந்த நம் ஊர்களில், தீ பிடித்தால் அடுத்த வீட்டுக் கூரையைப் பிய்த்து எறிந்து நடுவில் இடைவெளி உண்டாக்குவார்கள். ஏரி நிரம்பி ஊர்ப் பக்கம் கரை உடையப்போகிறது என்றால், வேறு பக்கத்தில் கரையை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விடுவார்கள். சட்டம் அதே வழக்கத்தைத்தான் எழுத்தில் வைத்திருக்கிறது.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு பதில் வரும். “சரிதானே, இருபது பேர் பெரிசா, ரெண்டு பேர் பெரிசா?” இங்கேதான் நாம் எல்லோரும் வழி தவறுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தீங்கை நியாயப்படுத்துவது ஒரு தராசு வேலை. இந்தத் தட்டில் இத்தனை உயிர், அந்தத் தட்டில் இத்தனை உயிர், கனமான பக்கம் வெல்லும் என்று. பார்க்க மிகவும் நியாயமாகத் தெரியும். யாரையும் பெரியவர், சிறியவர் என்று பிரிக்காத கணக்கு அல்லவா? ஆனால் இந்தத் தராசை இன்னும் இரண்டு அடி எடுத்துச் சென்று பார்ப்போம்.

பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பிரேக் பிடிக்காத டிராம் வண்டி ஒன்று வருகிறது. நேரே போனால் ஐந்து பேர், திருப்பினால் ஒருவர். கேப்டன் கதையின் தம்பிதான். ஆனால் ஃபுட் அதைத் தனியாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு காட்சியையும் வைத்தார். உடல் உறுப்புகள் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும் நோயாளிகள் பலர் இருக்கிறார்கள். ஒருவரைக் கொன்றால் அத்தனை பேருக்கும் உறுப்புகள் கிடைக்கும். கணக்கு அதேதான்: பலர் பிழைக்க ஒருவர் இறக்கிறார். டிராமைத் திருப்பச் சொன்ன அதே வாய் இங்கே கூசுகிறது. கணக்கு மாறவில்லை; மனம் மாறுகிறது. அப்படியானால் நம்மைத் திருப்ப வைத்தது கணக்கு மட்டும் அல்ல.

இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டாம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலிலிருந்து பலருக்கு உயிர் கிடைக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அது நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கு 1994-ல் வந்த சட்டம் எவ்வளவு பொறுமையாகச் சுவர் எழுப்பியிருக்கிறது என்று பாருங்கள். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்யப்போகிற குழுவுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அடுத்த அறையில் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, இந்த அறையில் படுத்திருப்பவரின் தலைமாட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சுவர்.

தராசு உடைந்த இடம் உண்மை வரலாற்றிலும் ஒன்று உண்டு. 1884-ல் மினியோனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அதில் நான்கு பேர்: கேப்டன் டட்லி, ஸ்டீபன்ஸ், ப்ரூக்ஸ், எடுபிடி வேலைக்குச் சேர்ந்த 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கர். ஜூலை 5 அன்று நன்னம்பிக்கை முனையிலிருந்து 1,600 மைல் தொலைவில் கப்பல் மூழ்கியது. சின்னப் படகு ஒன்றில் நால்வரும் ஏறிக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. சாப்பிட இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு. வழியில் ஓர் ஆமை கிடைத்தது, அதுவும் தீர்ந்தது. பார்க்கர் கடல்நீரைக் குடித்து நினைவு தப்பும் நிலைக்குப் போனான். இருபதாம் நாள் டட்லி பிரார்த்தனை செய்துவிட்டு, ஸ்டீபன்ஸின் சம்மதத்தோடு அவனைக் கத்தியால் கொன்றார். ப்ரூக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மூவரும் அவன் உடலைத் தின்று உயிர் பிடித்தார்கள். நான்காம் நாள் ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது.

கரைக்கு வந்ததும் டட்லி எதையும் மறைக்கவில்லை. கடலில் போகிறவர்களின் வழக்கம் அது என்று நம்பினார். தண்டனை வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஊர் மக்களும் அவர் பக்கம்தான் இரங்கினார்கள். கணக்கும் அவர் பக்கம்தான்: சாகக் கிடந்த ஒருவன், பிழைக்கக்கூடிய மூவர். ஆனால் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் கேட்டது வேறு கேள்வி. எந்த உயிர் போகலாம் என்று அளப்பவர் யார்? எந்த முழத்தால் அளப்பது? அந்தப் படகில் அளந்தவர்கள், அளவினால் லாபம் பெற்றவர்கள். அளக்கப்பட்டவன் இருந்தவர்களிலேயே மிகவும் இளையவன், மிகவும் பலவீனமானவன். டட்லி, ஸ்டீபன்ஸ் இருவருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இரங்கவும் வேண்டும், ஆனால் செய்தது சரி என்று சொல்லிவிடவும் கூடாது என்று அந்த நாடு தவித்தது தெரிகிறது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன்.

இனி இரண்டு கடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே ஒரு கேள்வி போதும்: தீங்குக்கு ஆளானவர் அங்கே இல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கப்பலைத் திருப்பிய கேப்டன், அந்தச் சின்னப் படகு அங்கே இல்லாமல் இருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பார். அவர் திட்டம் அப்போதுதான் முழுமையாக நிறைவேறும். அந்த இருவரின் சாவு அவருக்கு எதற்கும் பயன்படவில்லை. பார்க்கர் அந்தப் படகில் இல்லாமல் இருந்தால்? டட்லிக்குத் திட்டமே கிடையாது. அவனுடைய சாவுதான் திட்டம். அவன் உடல்தான் உணவு. ஒரு இடத்தில் மனிதர் நம் வழியில் அகப்பட்டுக்கொள்கிறார். இன்னோர் இடத்தில் மனிதரையே வழியாக்கிக்கொள்கிறோம். உறுப்புகளுக்காக ஒருவரைக் கொல்வதும் இந்த இரண்டாம் வகை.

81-ஆம் பிரிவை இப்போது திரும்பப் படித்தால், முதல் முறை நம் கண்ணில் படாதது படும். இருபது இரண்டைவிடப் பெரிது, ஆகவே குற்றம் இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. தீங்கு செய்யும் நோக்கம் இருந்திருக்கக் கூடாது, இக்கட்டு தன் தவறால் வந்திருக்கக் கூடாது, நல்லெண்ணம் வேண்டும். இவையெல்லாம் இருந்தும், அந்த அபாயம் இந்தத் துணிச்சலை மன்னிக்கும் அளவுக்குப் பெரியதாகவும் அருகிலும் இருந்ததா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனியாக ஆராய வேண்டும். எண்ணிக்கைக்கு இடம் உண்டு, கடைசி வரிசையில். முன்வரிசைகளை எல்லாம் தாண்டிய பிறகுதான் அதைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

‘அவர் அங்கே இல்லாமலே இருந்திருந்தால்?’ என்ற இந்தச் சோதனை எல்லாப் பூட்டையும் திறக்கும் என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியில் 2005-ல் ஒரு சட்டம் வந்தது: கடத்தப்பட்ட பயணிகள் விமானம் ஆயுதமாக்கப்பட்டு மக்கள்மேல் மோத வந்தால், ராணுவம் அதைச் சுட்டு வீழ்த்தலாம். பயணிகள் அதில் இல்லாமல் இருந்தால் சுடுகிறவர் மகிழ்ச்சிதான் அடைவார். ஆகவே நம் சோதனைப்படி இது கேப்டன் கதையின் பக்கம். ஆனால் 2006 பிப்ரவரி 15 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. விமானத்தில் தாக்குகிறவர்கள் மட்டும் இருந்தால் சுடலாம். குற்றமற்ற பயணிகளை, எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்று அரசு ஒரு பொருளைப் போலக் கழித்துவிட முடியாது. அது மனித மாண்புக்கு எதிரானது என்பது தீர்ப்பு. வானத்தில் நடப்பது என்ன என்று தரையில் இருப்பவர்களுக்கு உறுதியாகத் தெரிவதும் அரிது.

நான் இந்தத் தீர்ப்போடு நெடுநாள் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஒன்று புரிகிற மாதிரி இருக்கிறது. கேப்டனுக்கு இருந்தது சில நொடிகள். சுக்கானைப் பிடித்த கை முடிவெடுத்தது. இங்கே ஓர் அரசு நிதானமாக உட்கார்ந்து, தன் குடிமக்களில் யாரை எப்போது கொல்லலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறது. இக்கட்டில் ஒருவரை மன்னிப்பது வேறு, அனுமதிச் சீட்டை அச்சடித்து மேசை இழுப்பறையில் வைத்திருப்பது வேறு. சீட்டு கையில் இருந்தால் வேறு வழி தேடும் கண் மங்கிவிடும்.

கடைசியாக ஒரு படி. நியாயமாகவே தீங்கு செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். அத்தோடு கணக்கு தீர்ந்துவிட்டதா? அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள துலூத் துறையில், 1905 நவம்பர் 27 இரவு, ரெனால்ட்ஸ் என்ற நீராவிக் கப்பல் சரக்கை இறக்கி முடித்தது. அதற்குள் கடும்புயல். இழுத்துப் போக இழுவைப் படகு கிடைக்கவில்லை. கப்பல்காரர்கள் அதைத் துறைமேடையிலேயே கட்டி வைத்தார்கள். கயிறு அறுந்தால் வேறு கயிறு மாற்றிக் கட்டினார்கள். அலை கப்பலைத் தூக்கித் தூக்கி மேடையில் அடித்தது. மேடைக்கு 500 டாலர் சேதம். வழக்கு மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1910-ல் முடிந்தது. அந்த இரவில் கப்பலை அவிழ்த்து விடாதது சரியான செயல் என்றே நீதிமன்றம் சொன்னது. சரியான செயல்தான்; ஆனாலும் 500 டாலரைக் கொடுத்துவிடு என்றது. தன் கப்பலைக் காக்க, அறுந்த கயிறுகளை மாற்றி மாற்றிக் கட்டி, அடுத்தவரின் மேடையைத் தெரிந்தே தேய்த்தாயே!

இந்தத் தீர்ப்பைப் படித்த நாளிலிருந்து ஏரிக்கரையை வெட்டிவிட்ட கதைகளை யாராவது சொன்னால், ஊர் பிழைத்ததா என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. தண்ணீர் யாருடைய வயலுக்குள் போனது, அவர் அந்தப் போகத்துக்கு என்ன விதைத்திருந்தார், தண்ணீர் வடிந்த பிறகு ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள், கையில் எத்தனை மூட்டை நெல் கொண்டுபோனார்கள் என்றும் கேட்கிறேன்.